குழைக்காதரின் புளியங்கொட்டைகள்

மருதங்கோட்டை என்ற ஊரில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு ஒரு தேர் இருந்தது. தேருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ராஜா இல்லாமல்கூடக் கதை சொல்லிவிடலாம். பிடிவாதம் இல்லாத தேரை வைத்துக்கொண்டு நான் என்ன கதை சொல்வது? உட்காருங்கள், சொல்கிறேன். பின்வரிசையில் வெற்றிலை மடிக்கிறவர்களும் கேட்டுக்கொண்டே மடியுங்கள்.

ராஜாவின் பெயர் செண்பகமாறன். தேர் அந்த ஊர்ப் பெருமாளுடையது. பிடிவாதம் என்னவென்றால், தேருக்கு முன்னால் நாகசுரம் ஒலிக்கும்வரைதான் ஊரார் வடம் இழுப்பார்கள். வீதியின் இந்த முனையில் தொடங்கிய ராகம் அந்த முனைவரை அறுபடாமல் போக வேண்டும். நடுவில் அறுந்தால் வடம் கீழே விழும். மறுநாள் காலையில்தான் மறுபடி எடுப்பார்கள். அதுவரை பெருமாள் நடுவீதியில்.

தேர் என்ன, நாம் சொன்ன நேரத்துக்கா போய்ச் சேரும்? சக்கரம் பள்ளத்தில் இறங்கும். முட்டுக்கட்டை வழுக்கும். யாராவது வீட்டு ஓட்டில் போய் இடிக்கும். ஆகவே முன்னால் நின்று வாசிக்கிறவர் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டியிருக்கும் என்பது பெருமாளுக்கே தெரியாது. வீட்டில் பாடம் பண்ணி வந்தது பாதி வீதியில் தீர்ந்துபோகும். மீதி வீதிக்கு, அந்த நொடியில் மனம் எதை ஊறிக் கொடுக்கிறதோ அதைத்தான் வாசிக்க வேண்டும். மனோதர்மம் என்று அதற்குப் பெயர்.

அரண்மனையில் வெகுநாள் வாசித்த வித்துவான் காசிக்குப் போய்விட்டார். போன வருஷம் அவசரத்துக்கு யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். வாணியர் வீட்டுச் செக்குக்கு எதிரே ராகம் அறுந்தது. வடம் விழுந்தது. மழையும் விழுந்தது. பெருமாளை விட்டுப் போக மனமில்லாமல் ராஜாவும் விடிய விடிய நனைந்தார். அப்புறம் ஒரு மாதம் அவர் தும்மிய தும்மலில் அரண்மனைப் புறாக்கள் இடம் மாறிவிட்டன.

இந்த வருஷத் திருவிழா நெருங்கியதும் ராஜா குழைக்காதரைக் கூப்பிட்டார். குழைக்காதர் யார் என்றால், வித்துவான்களைக் கேட்டுத் தரம் சொல்லும் உத்தியோகத்தில் சபையில் இருந்தவர்.

"வித்துவானை நீரே பாத்து எடும் குழைக்காதரே. ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் தேர் நடுவீதியில நின்னுச்சுன்னா, சபையில உமக்கு இடமில்ல. யானைக் கொட்டாரத்துல சாணி அள்ள ஆள் இல்லன்னு நேத்துதான் வந்து கேட்டாங்க."

குழைக்காதர் புன்னகைத்தார். ஏனென்றால் அவரிடம் புளியங்கொட்டை இருந்தது.

சிரிக்காதீர்கள். அவருடைய பெருமையே அதில்தான் இருந்தது. மடியில் ஒரு துணிப்பை. பை நிறையப் புளியங்கொட்டை. யாராவது வாசிக்க உட்கார்ந்தால் இவர் திரைக்குப் பின்னால் ஒரு செம்பை வைத்துக்கொண்டு உட்காருவார். இதுவரை கேட்காத பிடி, அதாவது ராகத் துணுக்கு, ஒன்று வந்தால் செம்பில் ஒரு கொட்டை விழும். வந்ததே மறுபடி வந்தால் ஒரு கொட்டை வெளியே போகும். கடைசியில் யார் செம்பு கனமோ அவர்தான் மனோதர்மத்தில் பெரியவர். பாட்டைக் கேட்டு அவர் தலை ஆடி யாரும் பார்த்ததில்லை. தலை ஆடினால் எண்ணிக்கை தப்பிவிடுமாம்.

மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் வைத்தமாநிதி. பட்டு அங்கவஸ்திரம், காதில் வைரக் கடுக்கன். அவர் வாசிக்க வாசிக்கப் புதுப்புதுப் பிடிகளாக வந்து விழுந்தன. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினார், வானத்தைப் பார்த்தார், அங்கிருந்து யாரோ எதையோ கொடுத்ததுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார், பிறகு இன்னும் அழகாக ஒன்றை வாசித்தார். சபை கிறங்கியது. செம்பு நிரம்பி வழிந்தது.

இரண்டாவது வந்தவர் குமாரவேள். கோடையிடி என்று பட்டம். பட்டத்துக்குக் குறைவைக்காமல் இடித்தார். சுரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியதில் குழைக்காதருக்குக் கை வலித்தது. இந்தச் செம்பும் கழுத்துவரை ஏறியது.

மூன்றாவது வந்தவள் வண்டார்குழலி. கூடவே தவில் வாசிக்க அவள் கணவர் மருதவாணர். அவள் ஒரு சின்னப் பிடியை எடுத்து மெல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. அவள் மணியின் நாதத்தில் தன் நாகசுரக் குழலைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதே சின்னப் பிடியை மணிக்கு முன்னால் வைத்தாள், பின்னால் வைத்தாள், மணி அடங்கிய பிறகு அதன் ரீங்காரத்தின்மேல் வைத்தாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். குழைக்காதரோ, "வந்ததே வருது, வந்ததே வருது" என்று கொட்டைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். செம்பின் அடிகூட மறையவில்லை.

"சபையில பாதிப் பேர் அழுதாங்க. கொட்டை மட்டும் ஏறலியாம்" என்று மருதவாணர் தவிலை உறையில் போட்டுக்கொண்டே முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க. நல்லாக் கேட்டாங்கல்ல, அது போதும்" என்றாள் அவள்.

நாளைக்குச் சபையில் வைத்தமாநிதியின் பெயரைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு குழைக்காதர் வீட்டுக்கு வந்தார். மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். படுத்தார். மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வகுளவல்லி மேலிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, செத்த மேல வாங்களேன்."

போனார். அடுத்த கட்டடம் சத்திரம். அதன் முற்றத்தில் வைத்தமாநிதி தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். சபையில் வாசித்த அதே வரிசை, அதே பிடிகள், ஒரு முடி மாறாமல்.

"நடுவுல வானத்தைப் பாத்துச் சிரிச்சாருன்னு சொன்னீங்களே, அதுதான் இப்போ வரும் பாருங்க" என்றாள் வகுளவல்லி. "காலையில சபைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியும் இதையேதான் வாசிச்சாரு, நான் பாத்தேன்."

வந்தது. வைத்தமாநிதி சட்டென்று நிறுத்தினார், வானத்தைப் பார்த்தார், சிரித்தார். சிரிப்பு திருப்தியாக இல்லை போலும். மறுபடி முதலிலிருந்து வாசித்து மறுபடி சிரித்தார். மூன்றாம் முறை சிரித்தபோது ஒரு காக்கை உண்மையாகவே வானத்தில் பறந்தது. அதைப் பார்த்து அவர் எரிச்சலோடு கையை வீசினார்.

குழைக்காதர் மனைவி பக்கம் திரும்பினார். "வகுளம், அந்த ஆளு எதையும் புதுசா வாசிக்கல. என் காதுக்குத்தான் புதுசு. அவரு வாய்க்கு அது பழங்கஞ்சி. இத்தனை வருஷமா என் கொட்டையெல்லாம் என் காதைத்தானே அளந்திருக்கு!"

பாடம் பண்ணுவது தப்பில்லை. பாடம் தீர்ந்த இடத்தில் தேர் நிற்குமே, அதுதான் பயம். அவர் மூக்கில் அப்போதே யானைச் சாணியின் வாசனை அடித்தது.

இப்படிப்பட்ட இடத்தில் பெரிய மனிதர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். சொன்னதே சரி என்று சாதிப்பார்கள். குழைக்காதருக்கும் அந்த ஆசை வந்தது. மாடிப்படி இறங்கும்வரை இருந்தது. கடைசிப் படியில் அது போய்விட்டது. நேரே அரண்மனைக்கு நடந்தார்.

"மகாராஜா, கொட்டை பொய் சொல்லிடுச்சு."

"கொட்டையா, நீரா?" என்றார் ராஜா.

"நான்தான்" என்றார் குழைக்காதர். சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. சொன்ன பிறகு லேசாக இருந்தது. "வெள்ளோட்டத்தன்னைக்கு இன்னொரு தடவை கேட்டுப் பாத்துச் சொல்றேன். ஆளுக்கு ஒரு வீதி. மூணு பேருக்கும் கல்யாணி ராகம். குழல் நம்ம அரண்மனைக் குழல். வடத்தைத் தூக்குற நேரத்துலதான் கையில குடுக்கணும். ஏன் எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல. ஆனா யானை காத்துக்கிட்டிருக்கு" என்றார் ராஜா.

வெள்ளோட்டம் என்றால் தெரியுமல்லவா? திருவிழாவுக்கு முன்னால் பெருமாள் ஏறாத வெறுந்தேரை ஒருதரம் ஓட்டிப் பார்ப்பது. அன்றைக்கு மட்டும் தேரின் பிடிவாதத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ராகம் அறுந்து வடம் விழுந்தாலும், அடுத்த முனைவரை சும்மா இழுத்துக்கொண்டு போகலாம்.

குழைக்காதர் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து மூன்று நாகசுரங்களை எடுத்துவரச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார். மெழுகை உருக்கி, மூன்றிலும் ஒரே ஒரு துளையை அடைத்தார். காந்தாரம் என்ற சுரம் பிறக்கிற துளை. கல்யாணி ராகத்துக்குக் காந்தாரம் உயிர். அது இல்லாத கல்யாணி உப்பில்லாத ஊறுகாய் மாதிரி. மேலே மர நிறத்தில் சாயமும் தடவிக் குழலின் மரத்தோடு மரமாக்கிவிட்டார். படுபாவி என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளோட்டத்தன்று ஊரே வீதியில் நின்றது.

கீழவீதி வைத்தமாநிதிக்கு. வடத்தைத் தூக்கினார்கள், குழலைக் கொடுத்தார்கள். கம்பீரமாக ஊதினார். மூன்றாவது சுரத்துக்கு விரலை எடுத்தார். காற்று வந்தது, சுரம் வரவில்லை. நிறுத்தினார். குழலை ஒருதரம் பார்த்தார், வாயில் வைக்கும் சீவாளியை ஒருதரம் பார்த்தார், தவில்காரரை ஒருதரம் முறைத்தார். இந்தமுறை வானத்தைப் பார்க்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "குழல் கோளாறு! இதுல எவன் வாசிப்பான்?" என்று கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். அன்றைக்குக் கூடம் உண்மையாகவே கோணல்தான். ஆனால் ஆடத் தெரிந்தவள் கோணல் கூடத்திலும் ஆடியிருப்பாளே.

"ஏ, வடத்தைப் போடுலே!" என்றது கூட்டம்.

தெற்குவீதி கோடையிடிக்கு. அவரும் ஊதினார், அவருக்கும் சுரம் ஊமையானது. ஆனால் அவர் நிறுத்துகிற ஆளா? ஓட்டையைக் கேட்பவர்கள் கண்டுபிடிப்பதற்குள் தாண்டிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினார். கூட்டினார், இன்னும் கூட்டினார். வடம் இழுத்தவர்களுக்கு எந்த இடத்தில் மூச்சுப் பிடித்து இழுப்பது என்று புரியவில்லை. இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் நின்றது. வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் நின்றது. பதறிய காரியம் சிதறும். தேர் கோணிக்கொண்டு போய் ஒரு வெற்றிலைக் கடையின் பந்தலை முட்டியது. கடைக்காரர் தேரையும் விட்டுவிட்டார், வடம் இழுத்தவர்களையும் விட்டுவிட்டார், கோடையிடியைத்தான் திட்டினார். குழல் வாயிலிருந்து நழுவியது. வடம் கீழே விழுந்தது.

இரண்டு வீதியிலும் கூடவே நடந்த குழைக்காதர் இப்போது நிஜமாகவே பயந்தார். மூன்றாவதும் அறுந்தால்? மெழுகு வைத்த நமக்குத்தான் முதல் அடி விழும். மேலவீதியில் அவர் கூட்டத்துக்குள் புகுந்து, வடம் பிடிப்பவர்களோடு தானும் ஓரிடத்தில் கைவைத்து நின்றுகொண்டார். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை.

வடம் எழுந்தது. வண்டார்குழலி குழலை வாங்கினாள். ஊதினாள்.

முதல் சுரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை.

மருதவாணரின் கை தவிலுக்கு மேலே அப்படியே நின்றது. கண் அகலமாகத் திறந்தது. வண்டார்குழலி அவரைப் பார்க்கவில்லை, குழலையும் பார்க்கவில்லை. அந்த ஊமை இடத்தில் ஒரு கணம் அப்படியே நின்றாள். வந்த வழியே இறங்கினாள். பிறகு, வேண்டுமென்றே, மறுபடியும் அதே இடத்துக்கு ஏறினாள். நின்றாள். இறங்கினாள்.

இப்போது மருதவாணருக்குப் புரிந்துவிட்டது. அவள் நின்ற இடத்தில் அவரும் தவிலை நிறுத்தினார்.

மூன்றாம் முறை அவள் கீழே வெகு ஆழத்திலிருந்து புறப்பட்டாள். ஒவ்வொரு படியாக ஏங்கி ஏங்கி ஏறி அந்த வாசலில் வந்து நின்றாள். பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு, வர வேண்டியவருக்காக நடுவில் ஒரு இலையைக் காலியாக விடுவோமே, அப்படி விட்டாள்.

அந்தச் சுரம் எல்லார் தொண்டையிலும் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"ஆ..." என்று ஒரு குரல் எழுந்தது. பிசிறடித்த குரல். ஆனால் காந்தாரம், அசல் காந்தாரம்.

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாடியது குழைக்காதர்! ஆயுசு முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தவர், ஒரு நாளும் வாய் திறந்து ஒரு சுரம் பாடாதவர், கண்ணை மூடிக்கொண்டு, தலை ஆட ஆட நின்றார். தாம் பாடியது அவருக்கே தெரியாது.

அவ்வளவுதான். அடுத்தமுறை அவள் அந்த இடத்துக்கு வந்தபோது வடம் பிடித்தவர்கள் பாடினார்கள். அதற்கடுத்த முறை பெண்களும் பாடினார்கள், மாடியில் நின்றவர்கள் பாடினார்கள், திட்டிக்கொண்டே பின்னால் வந்த வெற்றிலைக் கடைக்காரர்கூடக் கோபத்தை மறந்து பாடினார். குழல் கேட்டது, வீதி பதில் சொன்னது. பதில் சொல்லும் நேரத்தில் அத்தனை கைகளும் ஒன்றாக இழுத்தன. தேர் கன்றுக்குட்டியாகக் கூடவே வந்தது.

நடுவில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கத்தான் செய்தது. அவள் அவசரப்படவில்லை. முட்டுக்கட்டைக்காரர்கள் கட்டையை நெம்பி எடுக்கும்வரை அந்த வெற்றிடத்தை நீட்டினாள். வீதியும் காந்தாரத்தை நீட்டியது. சக்கரம் ஒரு முனகலோடு மேலே ஏறியபோது, அந்த முனகலுக்கும் அவள் குழலில் ஒரு மறுமொழி இருந்தது. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். மேலவீதி முடிந்த இடத்தில் ராகத்தை முடிக்க யாருக்கும் மனமில்லை. வடக்குவீதியையும் அதே மூச்சில் கடந்து தேர் நிலைக்கு வந்து நின்றது.

ராஜா பல்லக்கிலிருந்து இறங்கி வந்தார். "என்ன குழைக்காதரே, எத்தனை கொட்டை?"

குழைக்காதர் மடியைத் தடவினார். பை இருந்தது; உள்ளே ஒன்றுமில்லை. முடிச்சு அவிழ்ந்து கொட்டைகள் மேலவீதி நெடுகச் சிதறி, ஊரார் காலில் மிதிபட்டுக் கிடந்தன.

"எண்ணல மகாராஜா" என்றார். "எண்ணணும்னே தோணல."

"அப்போ இவதான்" என்றார் ராஜா. அவருக்குத் தும்மலும் வரவில்லை.

வண்டார்குழலி குழலைக் கொண்டுவந்து நீட்டினாள். நகநுனியில் மெழுகு ஒட்டியிருந்தது. "அய்யா, யாரோ காந்தாரத்துல மெழுகை வெச்சு அடைச்சிருக்காங்க. இப்பதான் கிள்ளி எடுத்தேன்."

"நான்தாம்மா அடைச்சேன்" என்றார் குழைக்காதர்.

மருதவாணர் தவிலைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நல்லவேளை, அதற்குள் வண்டார்குழலி சிரித்துவிட்டாள்.

"ஏம்மா, முதல் மூச்சுலயே கண்டுபிடிச்சிருப்பியே. அப்பவே நகத்தால கிள்ளியிருக்கலாமே?" என்றார் குழைக்காதர்.

"கிள்ளியிருக்கலாம்தான். ஆனா வடத்தைத் தூக்கிட்டாங்களே அய்யா! அந்த நேரத்துல குழல்ல என்ன இருக்கோ, அதை வெச்சுத்தான் ராகம்." பிறகு மெல்லச் சொன்னாள்: "அதோட, அடைச்சதும் நீங்க, முதல்ல தெறந்ததும் நீங்கதானே!"

குழைக்காதருக்குக் கண் கலங்கியது. அத்தனை வருஷச் சபையில் கிடைக்காத சந்தோஷம் அது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ராஜா யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. தினமும் விடியற்காலையில் அரண்மனை வாசலில் மாறாமல் ஒரே மாதிரி வாசிக்கும் உத்தியோகம் வைத்தமாநிதிக்குக் கிடைத்தது. சிரிப்பு உட்பட அவர் அதை அருமையாகச் செய்தார். கோடையிடியைக் குதிரை ஓட்டப் பந்தயத்துக்கு வாசிக்க வைத்தார்கள்; குதிரைகள் முன்னைவிட வேகமாக ஓடியதாகக் கேள்வி. யானைக் கொட்டாரத்துக்கு வேறு ஆள் கிடைத்தான்.

திருவிழா வந்தது. பெருமாள் தேரேறினார். அன்றைக்குக் குழலில் மெழுகு இல்லை, ஏழு சுரமும் பழுதில்லாமல் பேசின. ஆனாலும் மேலவீதி திரும்பியதும் வண்டார்குழலி அந்த ஒரு சுரத்தின் வாசலில் வந்து நின்று, இலையைக் காலியாக விட்டாள். ஊர் பாடியது. எல்லாருக்கும் முன்னால் எழுந்த குரல் மட்டும் கொஞ்சம் பிசிறடித்தது.

தேர் நிற்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, இல்லாததை எண்ணிக் கலங்காமல் இருப்பதைக் கொண்டு அந்த நொடியிலேயே வழி காண்பவரே திறமைசாலி; அந்தத் திறமையைக் கொட்டை போட்டு எண்ணுகிறவரால் அறிய முடியாது, கூட நின்று வடம் பிடிக்கிறவரால்தான் அறிய முடியும்.